போட்டியும் கற்றலும்: யாழ்ப்பாணத்து அச்சு, பத்திரிகை முயற்சிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ் அச்சு, பத்திரிகைத் துறைகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளில் ஒன்றினைச் சார்ந்து நின்றே எழுதியுள்ளனர். அத்துறைகளைக் கிறித்தவ மிஷனரிமாரின் கொடையாகக் காண்பது ஒரு நிலைப்பாடு. மிஷனரிமாரை எதிர்த்தெழுந்த சைவ எழுச்சியின் சாதனையாகக் காண்பது மற்றையது. இரண்டும் முற்றிலும் பொய்யானவை அல்ல. ஆயினும் எதிர்த்தரப்பு என்று ஒன்று இருந்ததனையும், அத்தரப்போடு தம்மவர் கொண்டிருந்த அன்றாட ஊடாட்டத்தினையும் மறைத்துவிடும் குறைபாடு இரண்டுக்கும் பொதுவானது.

ஒரு குறிப்பிட்ட வாசகர் வட்டத்துக்காகச் சிறிய அளவில் ஓர் அச்சு முயற்சியைத் தொடங்குபவன், அதே களத்தில் முன்னரே நிலைபெற்றுவிட்டவரிடம் எதனைக் கற்கிறான், எதனைக் கொள்ளாது விடுகிறான், அவரோடு எத்தகைய தொடர்பினைப் பேணுகிறான் என்னும் வினாக்களை யாழ்ப்பாணத்துச் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கண்டன நூல்களின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. அக்கண்டனங்களைச் சாத்தியமாக்கிய கற்றலின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

1. மிஷன் அச்சகமும் 'உதயதாரகை'யும்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1820இல் ஜேம்ஸ் கரற் என்னும் அச்சாளர் அவர்களோடு இணைய வந்தபோது, தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் அவரை இலங்கையில் தங்க அனுமதித்தாரில்லை. எனவே அமெரிக்கர் கொண்டுவந்த அச்சுச் சாதனங்கள் நல்லூரில் இயங்கிய சேர்ச் மிஷனாரின் பொறுப்பிற் சென்றன. 1834இல் ஈஸ்ற்மன் மைனர் என்னும் அச்சாளர் வந்துசேர்ந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் முறையாக இயங்கத் தொடங்கியது. இங்கு ஓர் உண்மை அவதானிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன், வெஸ்லியன் மிஷன், சேர்ச் மிஷன் ஆகிய மூன்றும் மாணாக்கரையும் மதம் மாறுவோரையும் ஈர்ப்பதில் தம்முட் போட்டியிட்டன. எனினும் அச்சுச் சாதனம், வேதாகம மொழிபெயர்ப்பு, துண்டுப்பிரசுர வெளியீடு ஆகியவற்றில் அவை ஒன்றோடொன்று ஒத்துழைத்தன. போட்டியாளர் ஒத்துழைக்கும் வழக்கத்துக்கு முதலில் வழிகாட்டியோர் மிஷனரிமாரே எனலாம்.

1841ஆம் ஆண்டு சனவரி மாதம் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கொண்ட இப்பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவர். பெயர்கள் அமெரிக்கப் பெயர்களாயினும் இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற தமிழர்களே. கல்வி, விஞ்ஞானம், விவசாயம், அரசாங்கம், சமயம், செய்தி எனப் பல துறைகளையும் அப்பத்திரிகை தழுவியது. வாசகர் கடிதங்களுக்கும் அதில் இடமிருந்தது. அக்கடிதங்களுட் சில சைவரால் எழுதப்பட்டவை. தமக்கெனப் பத்திரிகை எதுவும் இல்லாதிருந்த அக்காலத்தில், தாம் மறுக்க விரும்பிய கருத்துகள் வெளிவந்த அதே பக்கங்களையே சைவ இளைஞர் தம் முதற் களமாகக் கொண்டனர். சொல்ல விரும்புவதைச் சுருக்கமாகவும் வரிசையாகவும் உரைநடையில் எழுதும் பழக்கம் அவர்களுக்கு அங்கே வாய்த்தது.

2. ஆறுமுகநாவலரின் பயிற்சிக் காலம்

இத்தகைய கற்றலுக்குத் தலைசிறந்த சான்று ஆறுமுகநாவலர் (1822–1879). நல்லூரிற் பிறந்த அவர் வெஸ்லியன் மிஷனின் ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் கடமையாற்றினார். அப்பாடசாலைத் தலைவரான பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியிற் பல ஆண்டுகள் ஈடுபட்டார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. இத்தொடர்பினை நாவலரின் வாழ்க்கையில் ஒரு தற்செயலாகவோ வயிற்றுப்பாட்டுக்கான உத்தியோகமாகவோ கருதுவது பொருந்தாது. ஒரு மூலநூலைப் பல பிரதிகளோடு ஒப்பிட்டு நோக்குதல், சொல்லுக்குச் சொல் பொருள் வரையறுத்தல், கல்லாதாரும் கேட்டு விளங்கத்தக்க வசனம் அமைத்தல், அச்சுப்படி திருத்துதல் ஆகியன பின்னாளில் நாவலர் பதிப்புகளின் சிறப்பியல்புகளாகப் போற்றப்பட்டன. இவற்றுக்கு மரபுவழிக் கல்வியும் துணைசெய்தது. ஆயினும் நாள்தோறும் பயிலும் பட்டறையாக அமைந்தது வேதாகம மொழிபெயர்ப்புப் பணியே.

1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அதே ஆண்டில் வெஸ்லியன் பாடசாலை உத்தியோகத்தைத் துறந்தார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். இதுவே வித்தியானுபாலன யந்திரசாலையின் தோற்றம். இப்பயணத்தின்போதே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கினர்.

பிரசங்கம், பாடசாலை, அச்சகம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்வமைப்பு மிஷனரிமாரின் அமைப்பே என்பது வெளிப்படை. பாடசாலை வாசகரை உருவாக்கியது. அச்சகம் அவ்வாசகருக்கு நூல் கொடுத்தது. பிரசங்கம் நூலின் பொருளை எழுத்தறியாதாருக்கும் கொண்டுசென்றது. இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் மற்றையவை நெடுநாள் நில்லா என்பதனை நாவலர் உள்ளிருந்தே கண்டிருந்தார். வெளியே நின்று நோக்கிய ஒருவருக்குப் பாதிரிமாரின் பிரசங்கம் மாத்திரமே தெரிந்திருக்கும். அதன் பின்னால் இயங்கிய நிறுவன ஒழுங்கு தெரிந்திராது.

3. கொண்டவையும் விட்டவையும்

கற்றல் என்பது அப்படியே படியெடுத்தலாகாது. நாவலர் எதிர்த்தரப்பிடமிருந்து எவற்றைக் கொண்டார், எவற்றை விட்டார் என்பது தனித்து நோக்கத்தக்கது.

அவர் கொண்டவற்றுள் முதன்மையானது வடிவம். வினாவிடை முறையில் சமய அறிவு புகட்டும் கிறித்தவ நூல்களின் வடிவம் 'சைவ வினாவிடை'யில் இடம்பெற்றது. படிமுறையாக அமைந்த வாசிப்புப் புத்தகங்களின் முறை 1850ஐ அடுத்து வெளிவந்த பாலபாடங்களிற் கையாளப்பட்டது. சந்தி பிரித்து எழுதுதல், காற்புள்ளி, அரைப்புள்ளி, வினாக்குறி முதலிய குறிகளை இடுதல் ஆகியன அவரது வசனநடையில் ஒழுங்குபெற்றன. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம், செய்யுளாக இருந்தமையாற் பண்டிதரளவில் நின்றுவிட்ட அடியார் வரலாறுகளைச் சாதாரண வாசகரின் கைக்குக் கொண்டுவந்தது.

அவர் விட்டது பத்திரிகை என்னும் களத்தை. பல துறைச் செய்திகளையும் தாங்கி வெளிவந்த 'உதயதாரகை'க்கு மாற்றாக இன்னொரு பத்திரிகையை அவர் 1849இல் தொடங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அதற்கு வேண்டிய செய்தித் தொடர்போ தடையின்றிப் பணம் வழங்கும் வெளிநாட்டுச் சங்கமோ அவரிடம் இல்லை. மிஷன் அச்சகம் நிரப்பாது விட்டதும், நிரப்ப விரும்பாததுமான ஒரு வெற்றிடத்தை அவர் தேர்ந்துகொண்டார். சைவப் பிள்ளைகளுக்கான பாடநூல், சைவக் குடும்பங்களுக்கான வசன நூல், பிழையற்ற இலக்கண இலக்கியப் பதிப்பு ஆகியவை அவ்வெற்றிடத்துள் அடங்குவன. ஆறுமாத காலத்திற் பழையதாகிப்போகும் பத்திரிகையைவிட ஆண்டுதோறும் புதிய மாணாக்கர் வாங்கும் பாடநூல் அவரது முயற்சிக்குப் பொருந்தியது. சிறிய முயற்சி ஒன்று பெரியதன் அருகில் உயிர்பிழைத்ததற்கு இத்தேர்வே முதற் காரணம் எனக் கொள்ளலாம்.

பொருளாதார அடிப்படையும் வேறுபட்டது. மிஷன் அச்சகத்தை அமெரிக்கத் திருச்சபையாரின் நன்கொடை தாங்கியது. நாவலரின் முயற்சிகளைத் தாங்கியோர் உள்ளூர்ச் சைவப் பெருமக்களும் தமிழகத்து ஆதரவாளரும் ஆவர். 1861இல் வெளிவந்த திருக்குறட் பரிமேலழகருரைப் பதிப்புக்கு இராமநாதபுரம் பொன்னுசாமித்தேவர் ஆதரவளித்தமை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். வடிவம் மிஷனிடமிருந்தும் மூலதனம் பழைய புரவலர் மரபிலிருந்தும் வந்தன. இவ்விரண்டும் சந்தித்த இடத்திலேயே ஈழத்துச் சைவ அச்சுத்துறை தோன்றியது.

1854இல் வெளிவந்த 'சைவதூஷண பரிகாரம்' இக்கற்றலின் மற்றொரு பயனைக் காட்டுகிறது. சைவக் கிரியைகளைப் பழித்த பாதிரிமாருக்கு, வேதாகமத்திலேயே கூறப்படும் ஆலய வழிபாடு, பலி, சடங்குகள் ஆகியவற்றை எடுத்துக்காட்டி விடையளித்த நூல் அது. எதிர்த்தரப்பின் மூலநூலை அத்தரப்பாரினும் நுணுகிக் கற்ற ஒருவராலன்றி அத்தகைய நூலை ஆக்குதல் இயலாது.

4. எல்லை கடந்த தொடர்புகள்

எழுத்திற் கடுமையாக மோதிக்கொண்ட தரப்பினர் வாழ்க்கையில் ஒருவரையொருவர் விலக்கி வைத்திருந்தனர் என்று எண்ணுதல் தவறு. யாழ்ப்பாணத்துக் கற்றோர் வட்டம் மிகச் சிறியது. ஆசிரியர், அச்சாளர், வாசகர் யாவரும் அதே சில பாடசாலைகளிலிருந்தே வந்தனர்.

கறல் விசுவநாதபிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடையவர். நாவலரின் 'சைவதூஷண பரிகார'த்தை மறுத்துச் 'சுப்பிரதீபம்' எழுதியவரும் அவரே. பிற்காலத்தில் அவர் மீண்டும் சைவரானார். சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அதே செமினரியிற் கற்ற கிறித்தவக் குடும்பத்தவர். வெஸ்லியன் மிஷனை விட்டுச் சென்னை சென்ற பேர்சிவல் பாதிரியார் 1855இல் அங்கு 'தினவர்த்தமானி'யைத் தொடங்கியபோது, அதன் ஆசிரியப் பணிக்கு அழைத்துக்கொண்டது இத் தாமோதரம்பிள்ளையையே. இவ்விருவரும், அதாவது விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினர்.

பேர்சிவலின் பத்திரிகையிற் பயின்ற தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையை வெளியிட்டபோது, அதனைப் பரிசோதித்து உதவியவர் நாவலர். பேர்சிவலோடு வேதாகமத்தைத் தமிழாக்கியவர் ஒருவர், பேர்சிவலின் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தவர் மற்றவர். இருவரும் இணைந்து தமிழின் முதல் இலக்கணத்தின் ஒரு பகுதியை அச்சேற்றினர். வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) எனத் தொடர்ந்த தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணிக்குப் பின்னால் இரு தரப்புப் பயிற்சிகளும் இருந்தன. பழந்தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் 'யாழ்ப்பாணப் பங்களிப்பு' என்று போற்றப்படுவது தனிச் சைவப் பங்களிப்புமன்று, தனி மிஷன் பங்களிப்புமன்று. இரண்டும் மோதியும் கலந்தும் நின்ற ஒரு தொழிற்சூழலின் விளைவு அது.

எதிர்த்திசையிலும் இத்தொடர்பு இயங்கியது. 'உதயதாரகை'யின் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்', தமிழ்ப் புலவர் நானூற்றுவருக்கு மேற்பட்டோரின் வரலாறுகளைத் தொகுத்தளித்தது. அவருட் பெரும்பாலார் சைவரும் வைணவருமாவர். மிஷன் பத்திரிகையாளர் ஒருவர் தம் சமயத்துக்குப் புறம்பான புலமை மரபினைத் தம் மரபாகவே ஏற்று எழுதினார். செமினரியிலேயே நன்னூலும் திருக்குறளும் பாடமாக இருந்தமை இதற்கு அடித்தளமாயிற்று.

5. பின்வந்த முயற்சிகள்

19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் இம்முறை பரவலாயிற்று. போன்ஜீன் ஆண்டகை யாழ்ப்பாண மேற்றிராணியாராக இருந்த காலத்தில், 1876இல், கத்தோலிக்கரது 'சத்தியவேத பாதுகாவலன்' தோன்றியது. புரட்டஸ்தாந்தரின் பாடசாலைகளுக்கும் பத்திரிகைக்கும் எதிராக நின்ற கத்தோலிக்கர், அவர்களது கருவிகளையே தமதாக்கிக்கொண்டனர். கண்டியில் வழக்கறிஞராயிருந்த மு. கா. சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1892இல் கொழும்பு மருதானையில் முஸ்லிம் பிள்ளைகளுக்கான நவீன பாடசாலை ஒன்று தோன்றுவதற்கு அவர் முன்னின்றார். யாழ்ப்பாணத்தில் 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியது. 1889இல் அதன் பத்திரிகையான 'இந்துசாதனம்' ஆங்கில வடிவத்தோடு வெளிவந்தது. 1890இல் இந்துக் கல்லூரி அச்சபையின் பொறுப்பில் அமைந்தது.

சபை, பத்திரிகை, பாடசாலை என்னும் தொடர் ஒவ்வொரு சமூகத்திலும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் நிகழ்ந்திருப்பது தற்செயலன்று. குடியேற்ற ஆட்சியின் கீழ் உருவாகிய புதிய மத்தியதர வர்க்கம் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் முன்னேறுவதற்கு ஆங்கிலக் கல்வி இன்றியமையாததாயிற்று. அக்கல்வியைத் தம் சமயத்தை இழவாது பெறவேண்டும் என்பது கிறித்தவரல்லாதார் எல்லோருக்கும் பொதுவான தேவை. பிரச்சினை ஒன்றாயிருந்தமையால் தீர்வின் வடிவமும் ஒன்றாயிற்று. 'உதயதாரகை' கைக்கொண்ட இருமொழி அமைப்பு, அரை நூற்றாண்டின் பின் அதன் எதிரணியான 'இந்துசாதன'த்தாலும் தேர்ந்துகொள்ளப்பட்டது. ஆங்கிலப் பக்கம் அரசாங்கத்தோடு பேசியது. தமிழ்ப் பக்கம் சமூகத்தோடு பேசியது.

6. வட்டத்துக்கு வெளியே நின்றோர்

இவ்வளவும் கூறியபின் ஒரு வினா எஞ்சுகிறது. இக்கற்றலிலும் தொடர்பிலும் பங்குகொண்டோர் யார்? செமினரி மாணாக்கருட் பெரும்பான்மையோர் வேளாளரே. நாவலரது கல்வி முயற்சியும் சாதி ஒழுக்கத்தை ஏற்றுக்கொண்ட எல்லைக்குள்ளேயே நின்றது. சமயத்தால் எதிரெதிராக நின்றவர்கள் ஒருவரிடமொருவர் கற்கவும் ஒருவருக்கொருவர் உதவவும் முடிந்தமைக்கு, அவர்கள் சாதியாலும் வர்க்கத்தாலும் ஒரே தளத்தில் நின்றமையும் ஒரு காரணமாகும். போட்டியாளராக இருப்பதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருந்தது. அத்தகுதி மறுக்கப்பட்ட உழைக்கும் மக்களுக்கு, அச்சுக்கோக்கும் மேசையும் ஆசிரியர் நாற்காலியும் ஒருங்கே எட்டாதிருந்தன. கற்றலின் வரலாற்றைப் போற்றுவோர் இதனை மறைத்தால், முன்னைய வரலாற்றாசிரியர் செய்த தவற்றையே வேறொரு வகையிற் செய்தவராவர்.

20ஆம் நூற்றாண்டில் இவ்வட்டம் மெல்ல மெல்ல விரிந்தது. நா. பொன்னையா 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி'யில் எழுதிப் பயின்ற இளைஞர் பலர் 1943இல் மறுமலர்ச்சிச் சங்கமாக ஒன்றுகூடி, 1946இல் 'மறுமலர்ச்சி' என்னும் தனிச் சஞ்சிகையை வெளியிட்டனர். வாரப் பத்திரிகையொன்று இடமளிக்க இயலாத நவீன சிறுகதை, கவிதை முயற்சிகளுக்கு அச்சிறு சஞ்சிகை களமாயிற்று. அது 1948 வரையே வாழ்ந்ததாயினும், தாம் பயின்ற பத்திரிகையின் அருகிலேயே அதனினும் குறுகிய, ஆனால் ஆழமான ஒரு களத்தைத் தேர்ந்துகொள்ளும் பழைய முறை அதில் மீண்டும் தோன்றியது.

1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கியமை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஒடுக்கப்பட்ட சமூகமொன்றிற் பிறந்து, சலூன் தொழிலாளியாக வாழ்ந்த ஒருவர் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். அவரது பயிற்சிக்களம் எந்தச் செமினரியுமன்று. முற்போக்கு இயக்கமும், விஜயபாஸ்கரன் சென்னையிலிருந்து 1955 முதல் 1962 வரை நடத்திய 'சரஸ்வதி' போன்ற சஞ்சிகைகளுமே அவருக்குப் பள்ளிகளாயின. 1960இல் வெளிவந்த அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. 'மல்லிகை'யின் அட்டையிற் பிற எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் படங்கள் தொடர்ந்து இடம்பெற்றன. சிங்களப் படைப்புகளின் மொழிபெயர்ப்புகள் அதில் வெளிவந்தன. தன்னைப் போலவே எழுதும் மற்றவரைத் தன் முகப்பிலேயே வைத்துப் போற்றிய அச்சஞ்சிகை 2012 வரை நின்று நிலைத்தது. நூறாண்டுக்கு முன் ஒரு சிறு வட்டத்தினர் தமக்குட் பேணிய தொழில் உறவினை, 'மல்லிகை' அவ்வட்டத்தால் ஒதுக்கப்பட்டவருக்கும் உரியதாக்கியது எனலாம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, யாழ்ப்பாணத்தில் நிலைபெற்ற அச்சு முயற்சிகள் எதிர்த்தரப்பின் நிறுவன ஒழுங்கினை உள்ளிருந்து கற்றவர்களாலேயே தொடங்கப்பட்டன. இரண்டாவது, அவை எதிர்த்தரப்பின் முழுக் களத்தையும் கைப்பற்ற முயலவில்லை. அத்தரப்பு விட்டுவைத்த இடத்தைத் தேர்ந்துகொண்டே வேரூன்றின. மூன்றாவது, கருத்து முரண்பாடு தொழில் உறவினை முறித்துவிடவில்லை. அவ்வுறவு எங்கு தடைப்பட்டதோ அங்குத் தடையாக நின்றது பெரும்பாலும் சமயமன்று, சாதியே.

இம்முடிவுகள் கடந்த காலத்தைப் பற்றியவை மாத்திரமல்ல. எதிரியிடம் பெற்ற கடனை ஒப்புக்கொள்வதனால் எந்த இயக்கத்தின் பெருமையும் குன்றிவிடுவதில்லை. பேர்சிவலின் மேசையில் நாவலர் அமர்ந்திருந்த ஆண்டுகளை நீக்கிவிட்டு நாவலரின் வசனத்தை விளக்க முயல்வோர் ஈற்றில் அதனை ஓர் அற்புதமாகவே காட்டவேண்டியிருக்கும். அற்புதங்களைப் போற்றலாமேயன்றி, அவற்றிலிருந்து எதனையும் கற்கவியலாது. பின்வருவோர் கற்கத்தக்கதாக நம் பண்பாட்டு வரலாறு எழுதப்படவேண்டுமாயின், எதிரெதிரே நின்றோர் ஒருவரிடமொருவர் பெற்றவையும், அவ்வட்டத்தினுள் எவரும் பெறவிடாது தடுக்கப்பட்டோரின் கதையும் அதில் ஒருங்கே இடம்பெறுதல் வேண்டும்.